ஜெயச்சந்திரனை அவசரப்படுத்தாதீர்கள்



களியக்காவிளையில் இருந்து தக்கலை வரை, கோவில் கொடைக்கும் பங்குத் திருவிழாவுக்கும் குழித்துறை வாவுபலிப் பொருட்காட்சிக்கும் கானமேளா பாடப் போகும் பிள்ளைகள் எல்லோருக்கும் பொதுவாக இந்த மடலை எழுதுகிறேன். உங்களில் பலரை மேடையில் பார்த்துத்தான் எனக்குப் பழக்கம். ஆனால் உங்கள் அப்பாமாரையும் மாமன்மாரையும் நன்றாகத் தெரியும். மார்த்தாண்டம் சந்தைப் பக்கம் நான் பாட்டுக்கடை வைத்திருந்த காலத்தில், நோட்டுத் தாளைக் கிழித்துப் பாட்டுப் பட்டியல் எழுதிக்கொண்டு வந்து, வெற்றுக் கேசட்டை நீட்டி, "நல்லா பதிஞ்சு தரணும் அண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் அவர்கள்.

பாடகர் பி. ஜெயச்சந்திரன் 2025 ஜனவரி 9 அன்று திருச்சூரில் மறைந்தார். எண்பது வயது. அதற்குப் பிறகு நம்ம பக்கத்தில் நான் கேட்ட கானமேளாக்களில் எல்லாம் அவருக்கு அஞ்சலி என்று அறிவித்து ஒரு பாட்டுப் பாடினீர்கள். அந்த மரியாதைக்கு உங்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். பாடிய முறையைப் பற்றித்தான் பேசாமல் இருக்க முடியவில்லை. பல்லவியும் ஒரு சரணமும் முடிந்த உடனே ரிதம் பேடில் தாளத்தை மாற்றி அடுத்த குத்துப்பாட்டுக்குள் தாவிவிடுகிறீர்கள். நடக்க வேண்டிய பாட்டை ஓடவிடுகிறீர்கள். மிக்சரில் இருப்பவர் குரலுக்கு மேல் எக்கோவை அள்ளிக் கொட்டுகிறார். பாட்டு அவருடையதாக இருந்தும் அதில் ஜெயச்சந்திரன் இல்லை.

அவருடைய பாட்டுகளை ஆண்டுக்கணக்காகப் பதிந்து கொடுத்தவன் என்ற உரிமையில் சில விஷயங்களைச் சொல்கிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

அறுபது நிமிடக் கேசட்டில் ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம். நாலரை நிமிடப் பாட்டு என்றால் ஆறு, சின்னப் பாட்டும் கலந்தால் ஏழு. அந்த ஏழில் எதை வைப்பது, எதை விடுவது, எதற்குப் பிறகு எது என்பதுதான் பாட்டுக்கடைக்காரனின் வேலை. பெரும்பாலானவர்களின் பட்டியலில் எஸ்.பி.பி., யேசுதாஸ், ஜானகி, சுசீலா எல்லோரும் கலந்து இருப்பார்கள். "ஜெயச்சந்திரன் மட்டும் போதும்" என்று கேட்டு வந்தவர்கள் தனி வகை. வெளுப்பாங்காலத்தில் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் தோட்டத்துக்குப் பால்வெட்டப் போகிறவர்கள். வளைகுடாவுக்கு டிக்கெட் எடுத்துவிட்டு, பெட்டி கட்டுவதற்கு முன்னால் கடைசியாக என் கடைக்கு வந்தவர்கள். ராத்திரி டூட்டி பார்க்கும் நர்சுகள். எல்லோரும் தனியாக இருந்து பாட்டுக் கேட்கிறவர்கள். கூட்டத்தைப் பார்த்துப் பாடும் குரல்கள் உண்டு, அவையும் வேண்டும். ஜெயச்சந்திரன் ஒற்றை ஆளைப் பார்த்துப் பாடுவார். கேட்கிறவருக்கும் அவருக்கும் நடுவில் மைக் இருப்பதே தெரியாது.

இந்த மெதுவான பாட்டுகளை நாம் மெலடி என்கிறோம். சிலர் சோகப்பாட்டு என்று ஒரே பேரில் ஒதுக்கிவிடுகிறார்கள். என் கடையில் மற்றவர்களின் பாட்டைக் காதல், சோகம், பக்தி என்று பிரித்து அடுக்கி வைத்திருந்தேன். ஜெயச்சந்திரனின் பாட்டை மட்டும் அப்படிப் பிரிக்க முடியவில்லை. சந்தோஷமான பாட்டிலும் ஓர் ஓரத்தில் ஏக்கம் இருக்கும். துக்கப் பாட்டிலும் அவர் குரல் உடைந்து அழாது. மலையாளிகள் அவரை பாவகாயகன், அதாவது உணர்வின் பாடகன், என்று கொண்டாடியது இதற்காகத்தான் என்று நினைக்கிறேன்.

எங்க வீட்டுச் சங்கதி ஒன்றையும் சொல்ல வேண்டும். அப்பா திருவிதாங்கூர் காலத்தில் மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். தமிழகத்தோடு சேர வேண்டும் என்று கேட்டுத் திரண்ட மக்கள் மேல் 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. உயிர்கள் போயின. 1956 நவம்பர் 1 அன்று நம்ம விளவங்கோடும் கல்குளமும் தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் தமிழ்நாட்டோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. அந்தத் துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு அப்பா மலையாளத்தில் பேசி நான் கேட்டதில்லை. வீட்டில் யாராவது ரேடியோவில் திருவனந்தபுரம் நிலையத்தைப் பிடித்தால் மாற்றச் சொல்லிவிடுவார். ஒருநாள் மத்தியானம் நான் கடையில் ஜெயச்சந்திரனின் மலையாளப் பாட்டு ஒன்றைப் பதிந்துகொண்டிருந்தேன். சோற்றுப் பாத்திரத்தோடு வந்தவர் வாசலில் நின்று கேட்டார். "மூணு முடிச்சுல பாடுனவன்தானே?" என்றார். ஆமாம் என்றேன். "அப்போ ஓடட்டு" என்று சொல்லி உள்ளே வந்து உட்கார்ந்தார். பிறகு அவருக்காகவே ஒரு கேசட் பதிந்தேன்; ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் மலையாளம். இரண்டு பக்கமும் தேய்கிறவரை கேட்டார். எங்க அப்பாவிடம் வேறு எந்த மனிதராலும் இதைச் செய்ய முடிந்திருக்காது. ஜெயச்சந்திரனை நான் விட்டுக்கொடுக்காமல் பேசுவதற்கு முதல் காரணம் இது.

அவர் பாட்டில் அவசரம் இல்லாததற்குக் காரணம் அவர் கற்ற கலையிலேயே இருக்கிறது. 1944 மார்ச் 3 அன்று எர்ணாகுளத்தில் பிறந்து இரிஞ்ஞாலக்குடையில் வளர்ந்தவர். சிறுவயதில் அவர் கைக்கு வந்தது மிருதங்கம். 1958இல் கேரள மாநிலப் பள்ளிக் கலைவிழாவில் மிருதங்கத்தில் முதல் பரிசு ஜெயச்சந்திரனுக்கு. சாஸ்திரிய சங்கீதத்தில் முதல் பரிசு யேசுதாசுக்கு. அன்றைக்கு இரண்டு பையன்களும் சேர்ந்திருக்கும் படத்தை நீங்கள் போனில் பார்த்திருப்பீர்கள். தாளத்தைக் கையில் வைத்திருந்தவர் பாட வந்தால் அந்தப் பாட்டு எப்படி நடக்கும் என்பதை அவரிடம்தான் கேட்க வேண்டும். தாளத்தைத் துரத்தவும் மாட்டார், அதைத் தவறவிடவும் மாட்டார். சொல் விழ வேண்டிய இடத்துக்கு ஒரு நூல் அளவு பிந்தி வந்து உட்காருவார். அந்த ஒரு நூல் அளவில்தான் ஏக்கம் எல்லாம் இருக்கிறது. நீங்கள் வேகத்தைக் கூட்டும்போது முதலில் பறிபோவது அதுதான்.

கல்லூரியில் விலங்கியல் படித்துவிட்டு வேலைக்காகச் சென்னை வந்தார். 1966இல் 'களித்தோழன்' படத்தில் ஜி. தேவராஜன் இசையில் அவர் பாடிய பாட்டு கேரளம் முழுக்க நிறைந்தது. பிற்காலத்தில் தேசிய விருது வாங்கிக் கொடுத்ததும் 'ஸ்ரீ நாராயண குரு' படத்துக்குத் தேவராஜன் போட்ட பாட்டுத்தான். தமிழுக்கு அவரைக் கொண்டுவந்தவர் எம்.எஸ். விஸ்வநாதன். 1973இல் 'மணிப்பயல்', அதே ஆண்டில் ஸ்ரீதரின் 'அலைகள்'. முகமது ரஃபியையும் சுசீலாவையும் கொண்டாடிப் பேசுவதில் ஜெயச்சந்திரனுக்கு அலுப்பே இருந்ததில்லை. தான் பெரிய பாடகர் ஆன பிறகும் ஒரு நல்ல ரசிகராகவே இருந்தார். பாடுகிறவர்களுக்கு அந்தக் குணம் வேண்டும்.

இன்னொன்றையும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். கேரள அரசு சினிமாக்காரர்களுக்குத் தரும் உயர்ந்த விருது ஜே.சி. டேனியல் பேரில் இருக்கிறது. மலையாளத்தின் முதல் படமான 'விகதகுமார'னை எடுத்து, கைப்பொருளை எல்லாம் இழந்து, நம்ம அகஸ்தீஸ்வரத்தில் 1975இல் மறைந்தவர் அவர். 2020ஆம் ஆண்டுக்கான அந்த விருது ஜெயச்சந்திரனுக்குப் போயிற்று. நம்ம மாவட்டத்தில் எத்தனை பேர் இதைக் கவனித்தோம்?

சரி, பாட்டுக்கு வருகிறேன்.

நான் பதிந்து கொடுத்த ஜெயச்சந்திரன் கேசட்டில் முதல் பாட்டு எப்போதும் 'அலைகள்' படத்தில் இருந்து. இளைய குரல், பதமான குரல். அதற்கு அடுத்தது 1976இல் வந்த 'மூன்று முடிச்சு' படகுப் பாட்டு. கே. பாலசந்தர் படம், கண்ணதாசன் வரிகள். அந்தாதியாய் அமைந்த பாட்டு அது. ஒரு வரி எந்தச் சொல்லில் முடிகிறதோ அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு அடுத்த வரி தொடங்கும். ஜெயச்சந்திரனும் வாணி ஜெயராமும் அந்தச் சொல்லை ஒருவர் கையில் இருந்து ஒருவர் வாங்கிக்கொள்வதைக் கவனியுங்கள். முடிகிற சொல்லை முழுசாக வைத்துவிட்டுத்தான் விலகுகிறார்கள். கடைசியில் எம்.எஸ்.வி.யே ரஜினிக்காகப் பாட வருகிறபோது, அந்தக் காதல் பாட்டுக்குள் கொலை நுழைந்துவிடும். அதுவரை இரண்டு பேரும் நிதானமாகப் பாடியிருந்தால்தான் அந்த இடம் நெஞ்சில் அடிக்கும். நீங்கள் இதை மேடையில் பாடினால் மூன்று பேராகப் பாடுங்கள். பல்லவியோடு நிறுத்திவிட்டால் அந்தாதிக்கு அர்த்தமே இல்லை.

'கிழக்கே போகும் ரயில்', 'காற்றினிலே வரும் கீதம்', 'கடல் மீன்கள்' மூன்றிலும் இளையராஜா அவருக்குக் கொடுத்தவற்றை நீங்கள் அறிவீர்கள். 'அந்த 7 நாட்கள்' 1981இல் வந்தது. சென்னைக்கு வாய்ப்புத் தேடி வந்த பாலக்காட்டு இசைக்காரன் கதை. அந்தப் பாத்திரத்துக்கு ஜெயச்சந்திரனைவிடப் பொருத்தமான குரலை எம்.எஸ்.வி. எங்கே தேடியிருக்க முடியும்?

1984இல் வந்த 'வைதேகி காத்திருந்தாள்' படத்துக்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டும். அந்த ஒரு படத்தை வைத்தே ஜெயச்சந்திரன் யார் என்று சொல்லிவிடலாம். வாணி ஜெயராமோடு ஆனந்தத்தைப் பாடுகிறார். தனியாகக் காத்திருப்பைப் பாடுகிறார். பிறகு 'ராசாத்தி உன்ன'. நீங்கள் எல்லோரும் அஞ்சலிக்கு எடுத்துக்கொள்வது இந்தப் பாட்டைத்தான். கைதட்டல் நிச்சயம் என்பதால் எடுக்கிறீர்கள், அதில் தப்பில்லை. ஆனால் படத்தில் அதைப் பாடுகிறவன் யாரென்று ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். தான் நேசித்தவளைப் பறிகொடுத்துவிட்டு, அந்தத் துக்கத்தோடேயே காலம் தள்ளுகிறவன். துக்கம் புதிதாக இருக்கும்போது மனிதன் கதறுவான். நாள்பட்ட துக்கத்துக்குக் கதறல் வராது. அது தினமும் வீட்டில் கூடவே இருக்கும் ஆள் மாதிரி ஆகிவிடும். ஜெயச்சந்திரன் பாடுவது அந்த நாள்பட்ட துக்கத்தை. அதனால்தான் குரலை ஏற்றவில்லை, நடுக்கவில்லை. வரியின் கடைசி எழுத்தை மெதுவாக இறக்கி வைக்கிறார், அவ்வளவே. நம்ம மேடைகளில் அந்தக் கடைசி எழுத்தை இழுத்து, வளைத்து, சங்கதி போட்டு, கண்ணை மூடிக்கொண்டு பாடுகிறீர்கள். குரல்வளம் தெரிகிறது. அந்த மனிதன் தெரியவில்லை.

வளைகுடாவில் இருந்து லீவில் வந்த ஒருவர் என்னிடம் சொன்னது நினைவிருக்கிறது. முகாமில் ஒரே அறையில் பலபேர் படுத்திருப்பார்களாம். மற்ற பாட்டைப் போட்டால் யாராவது சத்தத்தைக் குறை என்பார்களாம். இந்தப் பாட்டு ஓடும்போது யாரும் எதுவும் சொல்ல மாட்டார்களாம். மலையாளிகள், தெலுங்கர்கள் உட்பட. அவர் அடுத்த தடவை போகும்போது அந்த ஒரு பாட்டையே கேசட்டின் ஒரு பக்கம் முழுக்கத் திரும்பத் திரும்பப் பதிந்து தரச் சொன்னார். பதிந்து கொடுத்தேன்.

நம்ம மண்ணுக்கு உரிய பாட்டு ஒன்று இருக்கிறது; அதை ஏன் யாரும் பாடுவதில்லை என்று எனக்கு வருத்தம். 1986இல் பாரதிராஜா 'கடலோரக் கவிதைகள்' எடுத்தது நம்ம முட்டத்தில். சத்யராஜ் சின்னப்பதாசாகவும் ரேகா ஜெனிபர் டீச்சராகவும் நடந்த பாறைகளில்தான் நாம் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் உட்காருகிறோம். அதில் ஜெயச்சந்திரனும் ஜானகியும் பாடிய மல்லிகைப்பூப் பாட்டு இந்த மாவட்டத்தின் சொத்து. கடற்கரைப் பங்குகளில் திருவிழாவுக்குப் போகும்போது அதைப் பாடுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத முரடன் ஒருவன் டீச்சர்மேல் வைத்த பிரியத்தைச் சொல்லத் தெரியாமல் தவிக்கிறான். அந்தத் தவிப்பு ஜெயச்சந்திரன் குரலில் தணிந்த தொனியில் ஓடிக்கொண்டே இருக்கும். பெண் குரலுக்கு வருகிறவர் ஜானகியைப் போலக் கொஞ்ச முயற்சி செய்ய வேண்டாம். டீச்சர் என்ற நிதானம் இருந்தால் போதும்.

ஏ.ஆர். ரஹ்மான் வந்த பிறகும் அவர் குரலுக்கு இடம் இருந்தது. 1993இல் 'கிழக்குச் சீமையிலே' படத்தில் ஜானகியோடு பாடிய கத்தாழங்காட்டுப் பாட்டுக்குத் தமிழ்நாடு அரசின் விருது கிடைத்தது. கல்யாண வீட்டு வரவேற்புக் கச்சேரிகளுக்கு அதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரிந்து இல்லை. உடன்பிறந்தவளைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புகிற நெஞ்சு அதில் இருக்கிறது. 2002இல் 'கன்னத்தில் முத்தமிட்டால்'. அப்போது அவருக்கு 58 வயது நெருங்கிக்கொண்டிருந்தது. வளர்ப்பு மகளை நினைத்து ஒரு தகப்பன் பாடுவதாக அமைந்த அந்தப் பாட்டைச் சின்னப் பையன்கள் மேடையில் பாடும்போது, குரல் இளமையாக இருப்பதில் எனக்குக் குறை இல்லை. தன் கையில் குழந்தை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பாடினால் வேகம் தானாகவே குறைந்துவிடும். முயன்று பாருங்கள்.

இப்போது வேலைக்காரர்கள் பேசுகிற மாதிரி நேராகப் பேசுவோம். ஜெயச்சந்திரனைப் போலப் பாட முயலாதீர்கள். அவர் மூக்கொலியையும் உச்சரிப்பையும் நகல் எடுத்தால் மிமிக்ரி ஆகிவிடும். உங்கள் கட்டையில் பாடுங்கள். மேடைக்கு எடுப்பாக இருக்கட்டும் என்று ஒரு கட்டை ஏற்றி வைத்தால் அவர் பாட்டுகள் கத்தலாக மாறிவிடும். ஆளில்லாமல் ட்ராக் போட்டுப் பாடுகிறவர்கள் போனில் அதன் வேகத்தைக் கூட்டாதீர்கள். மிக்சரில் இருப்பவரிடம் முன்கூட்டியே சொல்லி, அந்த ஒரு பாட்டுக்காவது எக்கோவை நன்றாகக் குறைக்கச் சொல்லுங்கள். மூச்சு எடுக்கும் சத்தம் கேட்டால் கேட்கட்டும். இடையிசையில் "எல்லாரும் கை தட்டுங்க" என்று கேட்காதீர்கள். இடையிசையும் பாட்டுத்தான். சரணம் இரண்டு இருந்தால் இரண்டையும் பாடுங்கள்.

விழாக் கமிட்டிக்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், மெதுவான பாட்டு வந்தால் கூட்டம் எழுந்துவிடும் என்று நீங்கள் சொல்வீர்கள். இதே கோவில் முற்றங்களில் ராத்திரி முழுக்க வில்லுப்பாட்டுக் கேட்ட ஜனங்கள்தான் நம்ம ஜனங்கள். ஒரு கதையின் பிறப்பில் இருந்து சாவு வரைக்கும், தலைமைப் புலவர் வில்லைத் தட்டித் தட்டிச் சொல்லி முடிக்கும்வரை, பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண்களை நான் பார்த்து வளர்ந்தேன். விடிய விடிய உட்கார்ந்த பரம்பரைக்கு ஐந்து நிமிடம் ஒரு பாட்டைக் கேட்கப் பொறுமை இருக்காது என்று முடிவு கட்டியது யார்? ஜனங்களிடம் குறை இல்லை. மெதுவான பாட்டை நாம் பயந்து பயந்து பாடுகிறோம்; அந்தப் பயம் கீழே உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது.

அதை வைக்கிற இடமும் முக்கியம். கூட்டம் சேர்வதற்கு முன்னால், நாற்காலி போடும் சத்தத்துக்கு நடுவில் பாடித் தீர்த்துவிடாதீர்கள். நிகழ்ச்சியின் நடுப்பகுதியில், ஆட்டம் ஆடிய பையன்கள் களைத்துத் தண்ணீர் குடிக்கப் போகும் நேரத்தில், இரண்டு பாட்டை அடுத்தடுத்து வையுங்கள். ஒன்று ஜோடிப் பாட்டு, அடுத்தது தனிப்பாட்டு. என் கேசட்டுகளில் நான் பின்பற்றியது இந்த முறைதான்; தனிப்பாட்டை முதலில் வைத்தால் கேட்கிறவர்கள் அதில் இருந்து வெளியே வர மாட்டார்கள், அடுத்த பாட்டு காதில் ஏறாது.

கடையை மூடி வெகுகாலம் ஆகிவிட்டது. கேசட் கேட்க ஆளும் இல்லை, ஓடுகிற டெக் கிடைப்பதும் பாடு. ஆனால் பதிவுக்குப் பயன்படுத்திய இசைத்தட்டுகளையும் என் கையெழுத்தில் இருக்கும் பட்டியல்களையும் தூக்கிப் போடவில்லை. ஒரு டெக்கைப் பழுது பார்த்து வைத்திருக்கிறேன். அடுத்த கொடை சீசன் தொடங்குவதற்கு முன்னால் எந்தக் குழு வந்து கேட்டாலும், படத்தில் வந்தபடியே முழுப் பாட்டையும் போட்டுக் காட்டுகிறேன். ஒரு பாட்டை எத்தனை தடவை வேண்டுமானாலும் கேளுங்கள். பாடுகிறவர்கள் மட்டும் வந்தால் போதாது. தபேலா வாசிக்கிறவரையும் ரிதம் பேட் வாசிக்கிறவரையும் கட்டாயம் கூட்டிக்கொண்டு வாருங்கள். 'ராசாத்தி' பாட்டின் நடையை முதலில் கேட்க வேண்டியது அவர்கள்தான்.

அன்புடன்,
பழைய பாட்டுக்கடைக்காரர் ஒருவர்
மார்த்தாண்டம்